எடுத்து உதற முடியுமா?

“உள்ளே எல்லாத் தட்டுக்கும் லைனர் போட்டுருங்க அண்ணாச்சி” என்று அந்த டீச்சர் சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். 2011-ல் பாளையங்கோட்டையில் அவருடைய புதுவீட்டு அடுப்படி வேலை அது. ஆசாரிமார் பேச்சில் லைனர் என்றால் அலமாரியின் உட்புறம் ஒட்டுகிற மெல்லிய மைக்கா. கதவுக்கு வெளியே 1 மில்லிமீட்டர் ஒட்டுவோம், உள்ளே 0.8 மில்லிமீட்டர். அந்த 0.8-தான் எங்களுக்கு லைனர். டீச்சர் கேட்டதோ பாத்திரக் கடைகளில் சுருட்டி நிறுத்தி வைத்திருக்கும் வலை வலையான ரப்பர் விரிப்பு. வேலை முடிந்து கணக்குப் பார்த்த நாளில்தான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது.

“வெறும் பலகையிலயா பாத்திரம் வைக்க?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கைக்காசில் ஒன்பது சுருள் வாங்கி, வெட்டி விரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் நானே ஊரில் எத்தனையோ அடுப்படிகளில் கண்டதையும் விரித்து, ஒட்டி, பிறகு கிழித்தும் எடுத்திருந்தேன்.

அப்பா வேலை செய்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அன்றைக்கு அடுக்களைத் தட்டு கொத்தனார் வேலை. சுவரில் விட்ட பொந்தில் கடப்பாக் கல்லைச் செருகுவார்கள், இல்லாவிட்டால் சிமென்டில் ஸ்லாப் வார்ப்பார்கள். ஆசாரிக்கு மிஞ்சுவது நிலையும் கதவும்தான். அந்தத் தட்டில் விரிக்கிற விரிப்பு தினத்தந்தி. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதுத்தாள் விரிப்பார்கள். எங்கள் அம்மா தாளின் முன்விளிம்பை மடித்துக் கத்தரியால் கொத்துக் கொத்தாக நறுக்குவாள். பிரித்தால் தட்டின் ஓரத்தில் தோரணம் மாதிரித் தொங்கும். மல்லி டப்பாவை எடுக்கும்போதெல்லாம் அதன் அடியில் ஒரு கொலைச் செய்தியின் பாதி தெரியும். ஒரு வருஷம் முழுக்க அந்தப் பாதியைப் படித்திருக்கிறேன். மீதிப் பாதி உளுந்து டப்பாவுக்குக் கீழே இருந்தது. கொன்றவன் அகப்பட்டானா என்று அடுத்த பொங்கலுக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தாளைத் தொழில்காரன் கண்ணால் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தனியாகக் காசு கிடையாது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் கசிந்தால் உடனே கறை காட்டிக் கொடுக்கும். உருவி எடுத்தது வெந்நீர் அடுப்புக்குப் போகும். குறையும் உண்டு. அச்சு மை உணவில் படுவது உடம்புக்கு ஆகாது. செய்தித்தாளில் பண்டங்களைச் சுற்ற வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. 2018-ல் வந்த பொதிவு விதிமுறைகளில் அது தடையாகவே ஆனது. மூடிய டப்பாவுக்கு அடியில் கிடக்கிற தாள் வேறு விஷயம். ஆனால் அப்பளத்தையும் வடகத்தையும் நேராக அதன்மேல் பரப்பி வைக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான். தாள் ராமபாணப் பூச்சிக்குத் தீனி. தரையோரச் சுவரில் கரையான் ஏறியிருந்தால் முதலில் அரிப்பதும் தாளைத்தான். அப்பா அதையும் லாபக் கணக்கில் சேர்ப்பார். “தாளைத் தின்னு காட்டிக் கொடுத்துட்டுல்லா. இல்லன்னா நிலையைத் தின்னுருக்கும்.”

நான் தொழிலுக்கு வந்த 1990-களில் தாள் போய்ப் பூப்போட்ட பிளாஸ்டிக் ஷீட் மீட்டர் கணக்கில் வந்தது. தாளை நறுக்கித் தோரணம் செய்த வேலை மிச்சம். ஷீட்டிலேயே ஓரம் வளைத்து வெட்டியிருந்தது. கொஞ்சம் வசதியான வீடுகளில் ரெக்சின் விரித்தார்கள். துணியின்மேல் பி.வி.சி. பூசியதுதான் ரெக்சின். மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு விரிக்கிறவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு ‘மாடுலர் கிச்சன்’ வந்தது. கொத்தனார் கையிலிருந்த தட்டு எங்கள் கைக்கு வந்தது. எங்களுக்கு நல்ல காலம்.

ஆனால் கல் தட்டு போய்ப் பலகைத் தட்டு வந்ததும்தான் விரிப்பு என்பது கட்டாயம் போலத் தோன்ற ஆரம்பித்தது. கடப்பாக் கல்லுக்குப் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ பட்டால்தான் ஆகாது. அது சுண்ணாம்புக்கல் இனம், புளிப்பு பட்ட இடம் வெளுத்துப் போகும். வெறும் தண்ணீருக்கு அது அஞ்சாது. பலகை அப்படியில்லை. பார்ட்டிகிள் போர்டு ஒரு நாள் நனைந்தால் ரஸ்க் மாதிரி உப்பிவிடும். எம்.ஆர். பிளைவுட் ஈரக்காற்றைத் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. செவன் டென் என்று நாங்கள் சொல்கிற ஐ.எஸ். 710 பிளைதான் தண்ணீருக்கு நிற்கும், விலையும் அப்படியே. மைக்காவின் மேல் எவர்சில்வர் பாத்திரம் வழுக்கும், சத்தம் போடும், கீறும். எண்ணெய்ப் பாத்திரத்தின் அடி வட்டம் வட்டமாகப் பதியும். இந்த நாலு தொல்லைக்கும் ஒரே மருந்து என்றுதான் விரிப்பை விற்றார்கள். நானும் விற்றேன்.

டீச்சர் வீட்டில் விரித்த அந்த வலை விரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலியஸ்டர் நூல் வலையை நுரைத்த பி.வி.சி.யில் தோய்த்து எடுத்தது அது. பி.வி.சி. தன் இயல்பில் விறைப்பானது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதை ரப்பர் மாதிரி இளக வைக்க எண்ணெய்ப் பசையான மருந்து ஒன்றைக் கலக்கிறார்கள். பல காலமாக அந்த வேலைக்குத் தாலேட் வகைச் சேர்மங்களைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். அந்த மருந்து பி.வி.சி.யோடு கெட்டியாகப் பிணைந்திருப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், நம் ஊர் சித்திரை வெயிலும் சேர்ந்தால், மெல்ல வெளியே கசியும். முதலில் விரிப்பு பிசுபிசுக்கும். பிறகு மைக்காவில் தன் வலையை அச்சுக் குத்தும். கடைசியில் தொட்டால் பொடியாக உதிரும். இன்னொரு சங்கடம் அளவில் இருந்தது. கீழ் அலமாரியின் ஆழம் 22 அங்குலம், ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். எனக்குக் கடையில் கிடைத்த சுருளின் அகலம் 45. மிச்சத்துக்குத் தனியாக ஒரு துண்டு வெட்டிப் போடுவோம். வீட்டில் சிந்துகிற கடுகும் ரவையும் அந்த இணைப்பில்தான் போய்க் குடியேறும்.

இணைப்பு வராமல் இருக்க, 2016-ல் அதே வீட்டில் வலை விரிப்பை எடுத்துவிட்டு ஒட்டுகிற ஷீட்டைப் போட்டுக் கொடுத்தேன். பின்பக்கத் தாளை உரித்து அழுத்தினால் பலகையோடு பலகையாகிவிடும். மார்பிள் மாதிரி நரம்பு ஓடிய டிசைன். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பளிச்சென்று இருக்கும். “இனி நாலஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம் டீச்சர்” என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதுதான் தப்பு.

2019-ல் சிங்குக்குப் பக்கத்துக் கதவின் கீல் தொங்கிவிட்டது என்று கூப்பிட்டார். கீலை மாற்றும்போது தட்டின் பின்மூலையில் ஷீட் குமிழ் மாதிரி எழும்பியிருந்தது தெரிந்தது. நகத்தால் நெம்பி இழுத்தேன். உள்ளே மிளகுத்தூள் கொட்டினது போல எச்சம், கடலைத்தோல் மாதிரி முட்டைக் கூடுகள், அதற்கு நடுவே நாலா பக்கமும் ஓடுகிற சின்னக் கரப்பான்கள். சாக்கடையிலிருந்து பறந்து வருகிற பெரிய இனம் அல்ல, அடுப்படியிலேயே பிறந்து வளர்கிற ஜெர்மன் கரப்பான். அதற்கு முதுகும் வயிறும் ஒருசேர உரசுகிற ஒடுக்கமான சந்துதான் பிடிக்கும். ஒரு கூட்டில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். அது கேட்கிற அளவுக்குச் சந்து அமைத்து, மேலே மார்பிள் கூரையும் போட்டுக் கொடுத்தவன் நான்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. கிழித்த ஷீட்டைக் குவித்து வைத்துக்கொண்டு, “இதை எங்க போட அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். பழைய பேப்பர்க் கடையில் வாங்க மாட்டார்கள். காயலான் கடையிலும் வாங்க மாட்டார்கள். கொளுத்திவிடலாம் என்றேன். அவர் அறிவியல் டீச்சர். பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது, எரித்தால் மூக்கை அரிக்கிற அமிலப் புகை வரும், டையாக்சின் என்ற நஞ்சும் சேர்ந்து வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த வருஷம் ஜனவரி 1-ந் தேதிதான் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்திருந்தது. பட்டியலில் சாப்பாட்டு மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு. “மேஜையில விரிச்சா தப்பு, அலமாரிக்குள்ள விரிச்சா தப்பில்லையா?” என்று கேட்டுச் சிரித்தார். சட்டப்படி அலமாரி விரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவர் சிரிப்பு என்னைச் சும்மா விடவில்லை.

அப்போதும் நான் முழுதாகத் திருந்தவில்லை. ஒட்டுவதைக் குறைத்தேன், வாடிக்கைக்காரர் வற்புறுத்தினால் ஒட்டினேன். கண் திறந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. ஜங்ஷன் பஸ் நிலையத்தில் தண்ணீர் நின்றது. ஆற்றோரத் தெருக்களில் அடுப்படிகள் இடுப்பளவு சகதியில் கிடந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு மாதம் எனக்குப் புதுவேலை கிடையாது. நான் செய்த அலமாரிகளையும் மற்றவர்கள் செய்ததையும் பிரிப்பதே வேலை. பார்ட்டிகிள் போர்டு வீடுகளில் பிரிக்கவும் தேவையில்லை, அள்ள வேண்டியிருந்தது. செவன் டென் பிளைவுட் நின்றது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே பலகையில், இரண்டு விதமாக நின்றது. வெறுமனே விட்டிருந்த தட்டுகளைக் கழுவி, கதவைத் திறந்து போட்டு, ஃபேனை ஓட்டினால் பத்து நாளில் காய்ந்தன. ஷீட் ஒட்டியிருந்த தட்டுகளில் ஓரம் வழியாக உள்ளே போன சகதித் தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மூன்றாவது வாரம் கிழித்தபோதும் உள்ளே ஈரம், கறுப்புப் பூஞ்சணம், மூக்கைப் பொத்த வைக்கும் வாடை. ஆணி வைத்துக் குத்தினால் பலகை மேலடுக்கு அப்பளம் மாதிரி பெயர்ந்தது. விரிப்பு பலகையைக் காப்பாற்றும் என்று சொல்லித்தான் அதை ஒட்டியிருந்தோம்.

அதே தெருவில் பழைய சுவரலமாரி வீடு ஒன்று இருந்தது. அந்த ஆச்சி ஊறிப்போன பேப்பரை ஒரு கையால் வழித்து எறிந்தாள். சிமென்ட் ஸ்லாப்பைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. பொங்கலுக்கு அந்த வீட்டில் பானை ஏறியது. நான் வேலை செய்த வீடுகளில் அதிகம் பேர் அந்தப் பொங்கலை ஹோட்டல் சாப்பாட்டில் கழித்தார்கள். தெருமுனையில் குவிந்து கிடந்த குப்பையில் மெத்தை, சோபா, புத்தகங்களோடு மார்பிள் டிசைன் ஷீட்டும் சுருண்டு கிடந்தது. அது எந்தக் கடையில் வாங்கியது, எந்த வீட்டில் எந்தத் தட்டுக்கு வெட்டியது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஒரு மாதத்தில்தான் அம்மா விரித்த தாளின் அருமை புரிந்தது. அதன் பெரிய குணமே அது கெட்டுப்போனதுதான். மஞ்சளாகும், நைந்து போகும், கறை படும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது தட்டைக் காலி செய்து, துடைத்து, காற்றாட விட்டு, மூலையில் என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டியிருந்தது. நான் விற்ற ஷீட் நாலு வருஷம் கெடவில்லை. அதனால் நாலு வருஷம் அதற்கு அடியில் யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து யார் எந்த விரிப்பைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். எடுத்து உதற முடியுமா? வெயிலில் போட முடியுமா? உழைத்து ஓய்ந்த பிறகு எங்கே போகும்: பழைய பேப்பர்க் கடைக்கா, மண்ணுக்கா, குப்பை மேட்டுக்கா? முதல் கேள்வியில் தோற்றால் அடுத்த இரண்டையும் கேட்பதில்லை. பச்சை இலை படம் போட்டு விற்றாலும் ஒட்டுகிற ஜாதி என்றால் எனக்கு வேண்டாம்.

எடுத்து உதறுகிற விரிப்பு என்றால் நம் ஊர்க்காரனுக்குப் பாய்தான் நினைவு வரும். 2024 பிப்ரவரியில் பத்தமடைக்குப் போனேன். சேரன்மகாதேவிக்குப் பக்கம், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பாய். தாமிரபரணிக் கரையில் வளர்கிற கோரையை அறுத்து, மெல்லிசாகக் கிழித்து, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, பருத்தி நூல் பாவில் ஊடையாகக் கொடுத்து நெய்கிறார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு நயம். பட்டுப்பாய் என்கிற உயர்ந்த ரகத்தைப் புடவை மாதிரி மடித்துவிடலாம். மாப்பிள்ளை, பெண் பேரைப் போட்டுக் கல்யாணப் பாய் நெய்வதும் அங்கேதான்.

தறியில் உட்கார்ந்திருந்த லாத்தாவிடம் என் அளவுத் துண்டைக் கொடுத்தேன். இருபத்தொன்றுக்குப் பதினேழு அங்குலம், பதினொன்றுக்கு முப்பது, இப்படி ஏழெட்டு அளவு. வாசித்துவிட்டு, “கல்யாணத்துக்குப் பாய் கேட்டு வருவாங்க, நோன்புக்குக் கேட்டு வருவாங்க. சட்டிக்குப் பாய் கேட்டு நீங்கதான் வந்திருக்கீங்க தம்பி” என்றார். ஆனால் தொழில் தெரிந்தவர், அதனால் உடனே எனக்குத் தெரியாத நாலு விஷயம் சொன்னார். சாயம் போட்டது வேண்டாம், ஈரம் பட்டால் சிவப்பு இறங்கும், வெள்ளைக் கோரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். முரட்டு நெசவு வேண்டாம், சந்தில் ரவை போய்விடும். நாலு ஓரமும் துணி வைத்துத் தைக்காவிட்டால் ஆறு மாதத்தில் கோரை கழன்று வரும். சாதாரணப் பாயை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும்.

நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். தட்டின் அளவுக்கு அச்சாக வெட்டாமல் நாலு பக்கமும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறைத்து வெட்டச் சொன்னேன். அந்த இடைவெளியில் காற்று போகும், விரலும் போகும். விரல் போனால்தான் விரிப்பை எடுக்கத் தோன்றும்.

முதலில் எங்கள் வீட்டிலேயே போட்டுப் பார்த்தேன். மளிகைத் தட்டிலும் கண்ணாடிப் பாட்டில் தட்டிலும் பாய் பிரமாதமாக இருந்தது. வழுக்கவில்லை, சத்தமில்லை, வாரம் ஒருமுறை பின்வாசலில் உதறி ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் போதும். ஆனால் நல்லெண்ணெய்த் தூக்கு வைத்த தட்டில் ஒரே மாதத்தில் தோற்றது. எண்ணெய் கோரைக்குள் இறங்கிச் சிக்கு வாடை அடித்தது, எறும்பு வரிசை கட்டியது, துவைத்தும் போகவில்லை. சிங்குக்கு அடியில் போட்டது ஐப்பசி மழையில் பூஞ்சணம் பிடித்தது. ஆக, கோரைப்பாய் உலர்ந்த தட்டுக்கு மட்டும். கரையான் தொல்லை உள்ள கீழ்வீட்டுச் சுவரலமாரிக்கு அதுவும் கூடாது, தாளும் கூடாது. வெறும் கல்தான் நல்லது.

மற்றவற்றையும் விட்டுவைக்கவில்லை. டம்ளர், கிண்ணம் கவிழ்க்கிற தட்டுக்குப் பழைய வேட்டியை நாலாக மடித்து ஓரம் அடித்த துணி. ஈரத்தைக் குடிக்கும், துணியோடு துணியாகத் துவைத்துவிடலாம், நைந்தால் கைப்பிடித் துணியாகும், அதற்கும் ஆகாதபோது தரை துடைக்கும். என் கணக்கில் இதற்கு மிஞ்சிய விரிப்பு இல்லை, காசும் இல்லை. இட்லிக் கொப்பரை, இரும்புச் சட்டி மாதிரி கனமான பாத்திரங்களுக்குப் பனையோலைத் தடுக்கு. ஓலை நொறுங்க ஆரம்பித்தால் தென்னை மூட்டில் போட்டுவிடலாம். தேன்மெழுகு தோய்த்த துணியைக் கேள்விப்பட்டு ஒன்று செய்து பார்த்தேன். எண்ணெய்க்கு நன்றாகவே தாங்கியது. ஒரு நாள் என் மனைவி குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு அதன்மேல் வைத்துவிட்டாள். தேன்மெழுகு அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே உருகிவிடும். மெழுகு பலகையில், துணி சட்டியில். அன்றைக்கு வீட்டில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுதுவதாக இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாடிக்கைக்காரர் மகன் கார்க் விரிப்பு கேட்டார். கார்க் ஓக் மரத்தை வெட்டாமல், ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்து எடுப்பது அது. போர்ச்சுகல்தான் அதற்குப் பேர்போன நாடு. நல்ல சரக்கு, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தகடாக வருவது பட்டைத் தூளைப் பசை போட்டு அழுத்தியது, அந்தப் பசை என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். கோரை விளைகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கப்பலில் வரும் மரப்பட்டையை விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

‘பயோ’ என்று அச்சடித்த சுருள்களும் இப்போது வருகின்றன. அவற்றில் சிலது உண்மையிலேயே மக்கும் பிளாஸ்டிக். ஆனால் அந்த மக்கல் பெரிய உரக்கூடங்களில் அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கிறது. கொல்லையில் குழி தோண்டிப் போட்டால் அவ்வளவு சூடு கிடைக்காது. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வைத்திருக்க வேண்டும். அந்த எண் இல்லாமல் இலைப்படம் மட்டும் இருந்தால் நான் தொடுவதில்லை.

வேப்பிலை, நொச்சி, வசம்புத் துண்டு பற்றியும் கேட்பார்கள். பாய்க்கு அடியில் காய்ந்த வேப்பிலை நாலு போட்டு வைப்பதில் தப்பில்லை, நானும் போடுகிறேன். வருகிற பூச்சி கொஞ்சம் யோசிக்கும். குடியேறிவிட்ட பூச்சி யோசிக்காது. அதற்குத் தட்டைக் காலி செய்து, சந்தை அடைத்து, ராத்திரி சிங்கை உலர்த்தி வைப்பதுதான் வழி.

இப்படியெல்லாம் பார்த்ததில், விரிப்பைத் தேடுவதற்கு முன்னால் தட்டைச் சரியாகச் செய்வதுதான் ஆசாரியின் வேலை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே பளபளப்பு மைக்கா போட்டுவிட்டு வழுக்குகிறது என்று ரப்பர் விரிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இப்போது உட்புறம் சொரசொரப்பான மேட் மைக்காதான் ஒட்டுகிறேன். பலகையின் நாலு விளிம்பும், கண்ணுக்குத் தெரியாத பின்விளிம்பு உட்பட, அடைத்துவிடுகிறேன். பிளைவுட்டின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு வாடைக்கும் அது நல்லது, ஈரத்துக்கும் நல்லது. புது அலமாரியை இரண்டு வாரம் கதவு திறந்து காற்றாட விட்ட பிறகே பாத்திரம் அடுக்கச் சொல்கிறேன். தட்டின் முன்னோரத்தில் தேக்குச் சட்டம் ஒன்றை இரண்டு நூல் உயர்த்தி இழைத்து வைக்கிறேன். டப்பா முன்னால் நழுவி விழாது, சிந்தியது கதவுக்கு வழியாது. எண்ணெய்க்கு மட்டும் விரிப்பே கிடையாது. ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம். தூக்கு, பாட்டில், நெய்க் கிண்ணம் எல்லாம் அதற்குள். வாரம் ஒருமுறை பாத்திரத்தோடு பாத்திரமாக அதையும் துலக்கிவிடலாம். உப்புச் சாடிக்கு அடியில் எவர்சில்வர் வேண்டாம், உப்பு தகரத்தைத் தின்பதுபோல மட்டமான எவர்சில்வரையும் தின்னும். ஒரு பீங்கான் சாசர் போதும்.

இதனால் எனக்கு வருமானம் குறைந்தது உண்மை. சுருளுக்கு இவ்வளவு என்று கிடைத்த லாபம் போனது. “அந்த ஆசாரி விரிப்புகூடப் போட்டுத் தரமாட்டாரு” என்று ஒரு பேரும் வந்திருக்கிறது.

போன மாதம் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேஸ்கட் சக்கரம் சிக்கியிருந்தது. 2019-ல் நான் கிழித்துப் போட்ட பிறகு அந்தத் தட்டுகளில் அவர் எதையும் ஒட்டவிடவில்லை. கதவு கதவாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் வெறும் பலகை. பழைய ஒட்டுப்பசையின் தழும்பு ஒரு மூலையில் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. எண்ணெய் இருந்த இடத்தில் தாம்பாளம். நான் சொல்லி வைத்ததில்லை, அவராகவே வைத்தது.

“வெறும் பலகையிலயா பாத்திரம் வைக்கன்னு கேட்டீங்களே டீச்சர்” என்றேன்.

“நல்லாத்தான இருக்கு” என்றார். பிறகு கொஞ்சம் குற்றம் செய்தவர் போலக் கீழ்த்தட்டைக் காட்டினார். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கிடந்த இடத்தில் ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. “இதுக்கு மட்டும். தோலு உதிருதுல்லா. வாரம் ஒருதடவை மாத்திருவேன்.”

குனிந்து பார்த்தேன். ஒரு செய்தியின் பாதி தெரிந்தது. மீதி வெங்காயத்துக்கு அடியில் இருந்தது. இரண்டு வெங்காயத்தை நகர்த்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.